சூழலியல் கேள்விகளுக்கு டிஎன்ஏ ஆய்வு: முதன்முறை ஆய்வகத்துக்கு வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இரண்டு தவளைகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன, ஆனால் கத்தும் சத்தம் வேறு. ஒரே சிற்றினமா, இரண்டா? கண்ணில் படாமல் எச்சத்தை மட்டும் விட்டுவிட்டுப் போகும் விலங்கு எதைத் தின்கிறது? ஆற்றின் இக்கரையில் வாழ்பவையும் அக்கரையில் வாழ்பவையும் ஒன்றோடொன்று இணைசேர்கின்றனவா? இப்படி ஒரு கேள்வியோடுதான் காட்டிலும் குளத்திலும் வேலை செய்பவர்கள் மூலக்கூறு ஆய்வகத்தின் கதவைத் தட்டுகிறார்கள். உள்ளே போனதும் கருவிகளைப் பார்த்து மிரண்டுபோகிறவர்கள் அதிகம்.

மிரள வேண்டியதில்லை. பிப்பெட் (துளியளவு திரவத்தை அளந்து உறிஞ்சி விடும் கருவி) பிடிக்கவும் பிசிஆர் (டிஎன்ஏவின் ஒரு துண்டைப் பல மடங்கு நகலெடுக்கும் முறை) ஓட்டவும் சில வாரங்களில் கை பழகிவிடும். திட்டம் கவிழ்வது பெரும்பாலும் அதற்கு முன்னால்தான். எதைக் கேட்கிறோம், எந்த மாதிரியை எப்படிப் பாதுகாத்தோம், குழாயின் மேல் என்ன எழுதினோம் என்பதில்தான் பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது. அதனால் அந்தப் பகுதிகளைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

கேள்விக்கு ஏற்ற குறிப்பான்

டிஎன்ஏவின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. மெதுவாக மாறும் பகுதி, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பிரிந்த குழுக்களை ஒப்பிட உதவும். வேகமாக மாறும் பகுதி அண்ணன் தம்பியைக்கூடப் பிரித்துக் காட்டும். எந்தப் பகுதியைப் படிக்கப் போகிறீர்களோ, அதைத்தான் குறிப்பான் என்கிறோம்.

‘இது என்ன சிற்றினம்?’ என்பது உங்கள் கேள்வியானால், விலங்குகளுக்கு மைட்டோகாண்ட்ரியாவில் (செல்லுக்கு ஆற்றல் தரும், தனக்கென்று டிஎன்ஏ உள்ள நுண்ணுறுப்பு) உள்ள சிஓஐ மரபணுவின் ஒரு துண்டு வழக்கமான தொடக்கம். ஏறக்குறைய 658 எழுத்து நீளம். டிஎன்ஏவின் நான்கு வகை அலகுகளைத்தான் எழுத்து என்கிறோம், அவை அடுத்தடுத்து நிற்கும் முறையை வரிசை என்கிறோம். இதை உயிரினங்களின் பட்டைக்குறியீடாகப் பயன்படுத்தலாம் என்று பால் ஹெபர்ட்டும் அவர் குழுவினரும் 2003இல் முன்வைத்தார்கள். செடிகளுக்கு இது உதவாது, தாவர மைட்டோகாண்ட்ரியா மிக மெதுவாக மாறுகிறது. அவற்றுக்குப் பசுங்கணிகத்தில் (இலையின் பச்சை நுண்ணுறுப்பு) உள்ள ஆர்பிசிஎல், மேட்கே என்ற இரண்டு மரபணுக்களையும் சேர்த்து எடுப்பது என்று 2009இல் முடிவானது. பூஞ்சைகளுக்கு ஐடிஎஸ் பகுதி, பாக்டீரியாவுக்கு 16எஸ்.

பட்டைக்குறியீடு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதற்குக் கோஸ்டாரிகாவின் ஒரு வண்ணத்துப்பூச்சி நல்ல பாடம். அஸ்ட்ராப்டஸ் ஃபுல்ஜரேட்டர் என்று ஒரே பெயரில் வழங்கிய அந்தப் பூச்சிக்குள் 10 சிற்றினங்கள் மறைந்திருப்பதாக 2004இல் ஓர் ஆய்வு வெளியானது. அதை டிஎன்ஏ மட்டும் சொல்லவில்லை. பல்லாண்டுகளாகக் கம்பளிப்புழுக்களைப் பிடித்து வளர்த்து, எது எந்தச் செடியைத் தின்றது, எந்த நிறத்தில் இருந்தது என்று எழுதிவைத்த குறிப்புகள் இருந்தன. வரிசைகள் பிரிந்த இடத்தில் புழுவின் நிறமும் உணவும் சேர்ந்து பிரிந்தன. அந்தக் குறிப்பேடுகள் இல்லாமல் வெறும் எழுத்துக் கூட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு அவ்வளவு துணிச்சலாக 10 என்று சொல்லியிருக்க முடியாது.

‘இரண்டு இடத்து இனக்கூட்டங்களும் கலக்கின்றனவா?’ என்ற கேள்விக்கு மைட்டோகாண்ட்ரியா மட்டும் போதாது. அது விலங்குகளில் பெரும்பாலும் தாய்வழியாக மட்டுமே வருவது. ஆண்கள் எங்கே போனார்கள் என்பது அதில் பதிவாகாது. ஆப்பிரிக்க யானைகளில் இது பெரிய குழப்பத்தை உண்டாக்கியது. சவானா என்ற புல்வெளிகளில் வாழும் யானைகள் சிலவற்றின் மைட்டோகாண்ட்ரியா, அடர்காடுகளில் வாழும் இன்னொரு வகை யானைகளுடையதாக இருந்தது. உட்கரு டிஎன்ஏவைப் பார்த்தால் இரண்டும் தெளிவாகத் தனித்தனி. எப்போதோ கலப்பில் பிறந்த பெண் யானைகளும் அவற்றின் பெண் வாரிசுகளும் தலைமுறை தலைமுறையாகச் சவானா ஆண்களோடு இணைந்ததில் உட்கரு முழுக்க மாறிவிட்டது, தாய்வழி மைட்டோகாண்ட்ரியா மட்டும் தங்கிவிட்டது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2021இல் இவற்றை இரண்டு சிற்றினங்களாகவே பிரித்து மதிப்பிட்டது. இனக்கூட்டம், உறவுமுறை, தந்தை யார் போன்ற கேள்விகளுக்கு உட்கருவில் உள்ள மைக்ரோசாட்டிலைட்டுகளோ (சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள்), ஆயிரக்கணக்கான ஒற்றை எழுத்து வேறுபாடுகளோ தேவை. பின்னதை ஆங்கிலச் சுருக்கத்தில் ஸ்னிப் என்பார்கள்.

உணவு என்ன, குளத்தில் யார் இருக்கிறார்கள் என்பது கேள்வியானால் எச்சத்திலோ நீரிலோ உள்ள கலவை டிஎன்ஏவை மொத்தமாகப் படிக்க வேண்டும். பிரான்சின் குளங்களில் அமெரிக்கக் காளைத்தவளை பரவியிருப்பதைத் தண்ணீரில் மிதந்த டிஎன்ஏவை வைத்தே 2008இல் கண்டறிந்தார்கள். இன்று அந்த வழி ஒரு தனித்துறையாகவே வளர்ந்துவிட்டது. ஒரு பண்பு எப்படிப் பரிணமித்தது என்று கேட்டால் முழு மரபணுத்தொகுதி வரை போக வேண்டியிருக்கும். பிரிட்டனின் மிளகு அந்துப்பூச்சி கறுப்பானதற்குக் கார்ட்டெக்ஸ் என்ற மரபணுவுக்குள் வந்து புகுந்த ஒரு தாவும் டிஎன்ஏ துண்டுதான் காரணம் என்பது 2016இல்தான் தெரிந்தது. முதல் திட்டத்துக்கு அது வேண்டாம். ஒரு குறிப்பான், ஒரு தெளிவான கேள்வி, அது போதும்.

எத்தனை மாதிரி என்று எல்லோரும் கேட்பார்கள். மைக்ரோசாட்டிலைட்டை வைத்து இனக்கூட்டங்களை ஒப்பிட, ஓர் இடத்துக்கு 20 முதல் 30 தனி உயிர்கள் என்பது பொதுவான கணக்கு. ஆயிரக்கணக்கான ஸ்னிப்கள் கிடைத்தால் இதைவிடக் குறைவாகவும் சமாளிக்கலாம். ஆனால் எண்ணிக்கையைவிட யாரை எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். ஒரே குட்டையில் ஒரே வலைவீச்சில் 30 தலைப்பிரட்டைகளைப் பிடித்தால், அவை ஒரே தாயின் பிள்ளைகளாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. அப்போது உங்களிடம் இருப்பது ஓர் இனக்கூட்டம் இல்லை, ஒரு குடும்பம்.

அனுமதி

இதைத் தள்ளிப்போடாதீர்கள். வனத்துறை அனுமதி, விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், இன்னொரு நாட்டிலிருந்து மாதிரி வருவதானால் அதற்கான ஆவணங்கள் எல்லாம் மாதக்கணக்கில் இழுக்கும். மரபு வளங்களைப் பயன்படுத்துவது, அதில் வரும் பயனைப் பகிர்வது பற்றிய நகோயா நெறிமுறை 2010இல் ஏற்கப்பட்டு 2014இல் நடைமுறைக்கு வந்தது. அருகிவரும் சிற்றினமானால், அவற்றின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தமும் உண்டு, ஒரு துளி ரத்தத்துக்கும் ஓர் இறகுக்கும்கூட அது பொருந்தலாம். அனுமதி எண்ணைக் களக்குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்; கட்டுரை வெளியிடும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

மாதிரி எடுப்பதும் பாதுகாப்பதும்

உயிர் போன நொடியிலிருந்து செல்லுக்குள் இருக்கும் நொதிகள் டிஎன்ஏவை வெட்டத் தொடங்கிவிடும். தண்ணீரும் சூடும் அதற்குத் துணை. ஆக நம் வேலை சீக்கிரமாகத் தண்ணீரை வெளியேற்றுவது, அல்லது குளிரில் உறைய வைப்பது.

விலங்குத் திசுவுக்கு 95 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனால் நம்பகமானது. திசுவைப் போல 10 மடங்கு எத்தனால் இருக்க வேண்டும். குழாய் நிறையத் திசுவை அடைத்து மேலே கொஞ்சம் ஊற்றினால், திசுவில் உள்ள தண்ணீர் கலந்து எத்தனால் நீர்த்துவிடும், உள்ளே அழுகல் தொடங்கும். பயறு அளவு துண்டே போதும். பெரிதாக இருந்தால் நறுக்கிப் போடுங்கள். ஒரு நாள் கழித்துப் பழைய எத்தனாலைக் கொட்டிவிட்டுப் புதியது ஊற்றினால் இன்னும் நல்லது. வேறு ரசாயனங்கள் கலந்த தொழிற்சாலைச் சாராயம் வேண்டாம். ஃபார்மலின் பக்கமே போகாதீர்கள், அது டிஎன்ஏவைப் புரதங்களோடு பிணைத்துத் துண்டாக்கிவிடும். உடல் அமைப்பைப் பாதுகாக்க ஃபார்மலின் தேவைப்பட்டால், அதற்கு முன்பே ஒரு துண்டைத் தனியாக எத்தனாலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சியில் ஒரு கால் போதும். பறவையில் ஒரு துளி ரத்தம், அல்லது அடித்தண்டோடு பிடுங்கிய இறகு. முடியானால் வேர் இருக்க வேண்டும். எச்சமானால், யார் போட்டது என்று அறிய வெளிப்பரப்பைச் சுரண்டுங்கள். குடலின் செல்கள் அங்கேதான் ஒட்டியிருக்கும். என்ன தின்றது என்று அறிய உட்பகுதி நல்லது, தரையில் உள்ள மண்ணும் பூஞ்சையும் அங்கே குறைவு.

செடிக்கு எத்தனால் அவ்வளவு பொருந்தாது. இளம் இலையைக் காகித உறையில் இட்டு, சிலிக்கா ஜெல் மணிகள் நிறைந்த பைக்குள் வைத்து ஒரே நாளில் மொறுமொறுவென்று காயவிடுங்கள். மணியின் நிறம் மாறினால் புதியதை மாற்றவும். மரபணு எப்போது இயங்குகிறது என்று பார்க்க ஆர்என்ஏ தேவை என்றால் கதையே வேறு. சில நிமிடங்களுக்குள் திரவ நைட்ரஜனிலோ அதற்கான பாதுகாப்புக் கரைசலிலோ போக வேண்டும், அப்புறம் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர்.

நீர் மாதிரியில், லிட்டர் கணக்கில் தண்ணீரை மெல்லிய வடிகட்டித் தாளில் வடித்துத் தாளைப் பாதுகாப்பது வழக்கம். கட்டாயம் ஒன்று செய்யுங்கள்: ஆய்வகத்திலிருந்து கொண்டுபோன தூய நீரை அதே இடத்தில், அதே கருவியில், அதே கையுறையோடு வடித்து ஒரு வெற்று மாதிரி எடுங்கள். பின்னால் அதில் மீனின் டிஎன்ஏ தெரிந்தால் உங்கள் கருவியில் மீன் இருந்தது என்று பொருள், குளத்தில் இருந்ததா என்பது சந்தேகம்தான்.

ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் இடையே கத்தரியையும் இடுக்கியையும் சுத்தம் செய்ய வேண்டும். எத்தனாலில் முக்கித் துடைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். எத்தனால் கிருமியைக் கொல்லும். டிஎன்ஏவை அழிக்காது, நாம் அதைப் பாதுகாக்கத்தானே பயன்படுத்துகிறோம்! நீர்த்த பிளீச்சில் முக்கி, நல்ல தண்ணீரில் அலசி, அதன் பிறகு துடையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொன்றுக்கும் புதிய பிளேடு.

பெயரிடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. மார்க்கர் மை எத்தனாலில் கரைந்து ஓடிவிடும். ஒரு குழாய் கசிந்தால் பெட்டியில் உள்ள அத்தனை குழாய்களும் பெயரிழந்து நிற்கும். தடித்த தாளில் பென்சிலால் எண்ணை எழுதிக் குழாய்க்கு உள்ளேயும் போடுங்கள், மூடியிலும் பக்கத்திலும் தனியாக எழுதுங்கள். எண் சுருக்கமாக, மறுமுறை வராததாக இருக்கட்டும். தேதி, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, எடுத்தவர், எந்தத் திசு, எதில் பாதுகாத்தது என்பதெல்லாம் குறிப்பேட்டில் அந்த எண்ணுக்கு நேரே இருக்க வேண்டும். முடிந்தால் உடலையே அருங்காட்சியகச் சான்று மாதிரியாக வையுங்கள். முடியாதபோது பல கோணப் படங்கள். நாளை யாராவது ‘அது அந்தச் சிற்றினம்தானா?’ என்று கேட்டால் காட்ட ஏதாவது வேண்டும். சான்று மாதிரிகளுக்கு நீண்ட ஆயுள் உண்டு: வரிக்குதிரை வகையைச் சேர்ந்த, அழிந்துபோன குவாக்காவின் 140 ஆண்டுப் பழைய காய்ந்த தசையிலிருந்து 229 எழுத்து நீள டிஎன்ஏவை 1984இல் படித்தார்கள். வைத்தவர்களுக்கு டிஎன்ஏ என்ற சொல்லே தெரிந்திருக்காது.

ஆய்வகத்தில் முதல் நாள்

எதையும் தொடுவதற்கு முன், எந்த அறையில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். பிசிஆருக்கு முந்தைய வேலையும் பிந்தைய வேலையும் தனித்தனி இடங்களில், தனித்தனி பிப்பெட்டுகளோடு நடக்க வேண்டும். காரணம் எளிது. ஒவ்வொரு சுழற்சியிலும் டிஎன்ஏ இரட்டிப்பானால், ஒரே ஒரு மூலக்கூறு 30 சுழற்சியில் ஏறக்குறைய 107 கோடி நகல்களாகிவிடும். அந்தக் குழாயைத் திறக்கும்போது தெறிக்கும் கண்ணுக்குத் தெரியாத துளியில்கூடப் பல லட்சம் நகல்கள் இருக்கும். அது உங்கள் கையுறையில் ஒட்டி, நாளைய மாதிரிக்குள் போனால், நாளைய மாதிரியும் நேற்றைய மாதிரிதான் என்று பிசிஆர் சத்தியம் செய்யும். ஆகவே பிந்தைய அறைக்குப் போனவர் அதே கோட்டோடு முந்தைய அறைக்குத் திரும்பக் கூடாது.

பெரிய ஆட்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 8 கோடி ஆண்டுப் பழைய எலும்பில் டைனோசர் டிஎன்ஏ கிடைத்ததாக 1994இல் ஒரு முன்னணி ஆய்விதழில் செய்தி வந்தது. பிறகு மற்றவர்கள் ஆராய்ந்து பார்த்ததில் அது மனித டிஎன்ஏ.

பிப்பெட்டுக்கு வருவோம். பொத்தானுக்கு இரண்டு நிலைகள் உண்டு. முதல் நிலை வரை அழுத்தி, முனையைத் திரவத்தில் கொஞ்சமாக முக்கி, மெதுவாக விட்டு உறிஞ்ச வேண்டும். வெளியேற்றும்போது இரண்டாம் நிலை வரை அழுத்த வேண்டும். இரண்டாம் நிலை வரை அழுத்தி உறிஞ்சுவது புதியவர்களின் வழக்கமான பிழை, அளவு கூடிவிடும். தராசில் ஒரு மூடியை வைத்து 100 மைக்ரோலிட்டர் தண்ணீரைத் திரும்பத் திரும்ப எடுத்து விடுங்கள். ஒவ்வொரு தடவையும் 0.1 கிராம் ஏற வேண்டும். எண்கள் அங்குமிங்கும் ஆடாத வரை உண்மையான மாதிரியைத் தொடாதீர்கள்.

பாதுகாப்பில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலருக்குத் தெரிவதில்லை. டிஎன்ஏ பிரிக்கும் கிட்களில் உள்ள பல கரைசல்களில் குவானிடின் உப்பு இருக்கும். அந்தக் கழிவோடு பிளீச்சைச் சேர்த்தால் நச்சு வாயு வரும். இரண்டின் கழிவுக் குடுவைகளும் எப்போதும் தனித்தனி.

டிஎன்ஏவைப் பிரித்தல்

எந்த முறையானாலும் சாரம் ஒன்றுதான்: செல்லை உடை, புரதத்தையும் கழிவையும் நீக்கு, மீந்த டிஎன்ஏவைக் கழுவிக் கரை.

விலங்குத் திசுவை முதலில் வெளியே எடுத்து எத்தனால் ஆவியாகும்வரை காய விடுங்கள்; எத்தனால் மிச்சமிருந்தால் நொதி சரியாக வேலை செய்யாது. பிறகு உடைக்கும் கரைசலும் புரோட்டீனேஸ் கே நொதியும் சேர்த்து 56 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். அவசரமில்லாவிட்டால் இரவு முழுக்க விடுங்கள், காலையில் திசு கரைந்து தெளிவாகியிருக்கும். பூச்சியை நசுக்காமல் முழுசாகவே இந்தக் கரைசலில் ஊறவைத்து டிஎன்ஏவை எடுத்துவிட்டு, உடலைச் சான்று மாதிரியாகத் திருப்பி வைக்கலாம். சிறிய பூச்சிகளுக்கு இதுதான் எனக்குப் பிடித்த வழி.

கரைந்ததைச் சிலிக்காச் சவ்வு உள்ள குழாயில் ஊற்றி மையவிலக்கியில் சுழற்றினால் டிஎன்ஏ சவ்வில் ஒட்டிக்கொள்ளும், மற்றவை கீழே இறங்கும். இரண்டு முறை கழுவுங்கள். கழுவிய பின் எதுவும் ஊற்றாமல் வெறுமனே ஒரு முறை சுழற்றுவதைத் தவிர்க்காதீர்கள், சவ்வில் தங்கும் எத்தனால் பின்னால் பிசிஆரைக் கெடுக்கும். கடைசியாக 50 முதல் 100 மைக்ரோலிட்டர் கரைப்பானைச் சவ்வின் நடுவில் விட்டு, சில நிமிடம் பொறுத்துச் சுழற்றி எடுங்கள்.

செடிகள் முரண்டு பிடிக்கும். செல்சுவர் தடிப்பு, உள்ளே மாவுப்பொருளும் பாலிஃபீனால்களும். நன்றாகப் பொடித்து, 65 டிகிரியில் சோப்பு போன்ற சிடாப் கரைசலில் வைத்து, குளோரோஃபார்மால் பிரித்து, மேலடுக்கை எடுத்து ஐசோபுரொப்பனால் சேர்ப்பது பழைய, மலிவான, நல்ல முறை. குழாயை மெதுவாகத் தலைகீழாகச் சாய்த்து நிமிர்த்தும்போது, தெளிந்த திரவத்தில் வெண்மையான நூல் போல ஒன்று சுருண்டு திரளும். பழுப்பு நிறமாக வந்தால் பாலிஃபீனால் கூடவே வந்துவிட்டது, மறுபடி சுத்தம் செய்ய வேண்டும். குளோரோஃபார்ம் வேலை எல்லாம் புகைப்போக்கி அலமாரிக்குள்தான்.

ஒவ்வொரு தொகுப்பிலும் திசுவே போடாத ஒரு குழாயை அதே படிகளில் கொண்டுபோங்கள். இடமில்லை, செலவு என்று இதை விடுபவர்கள் உண்டு. என் பார்வையில் ஒரு மாதிரியை விட்டாலும் விடலாம், இதை விடக் கூடாது.

அளவு பார்ப்பதில் இரண்டு வகைக் கருவி. ஒளி உறிஞ்சுதலை அளப்பது, தூய்மையைச் சொல்லும்: 260 நானோமீட்டர் ஒளி உறிஞ்சப்படும் அளவை 280, 230 நானோமீட்டர் அளவுகளோடு ஒப்பிடும்; 260/280 விகிதம் 1.8 அருகில், 260/230 விகிதம் 2 அருகில் இருந்தால் நல்லது. பின்னது மிகவும் குறைந்தால் குவானிடினோ தாவரக் கழிவோ மிச்சம். ஆனால் அளவை அது மிகைப்படுத்தும், ஆர்என்ஏவையும் சேர்த்து எண்ணிவிடும். உண்மையான அளவுக்கு ஒளிரும் சாயத்தை வைத்து அளக்கும் கருவியை நம்புங்கள். பிறகு சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 20இல் வைக்கலாம். அடிக்கடி உறைய வைத்து உருக்கினால் நீளமான இழைகள் முறியும்.

பிசிஆர்

வெப்பத்தில் டிஎன்ஏவின் இரு இழைகள் பிரியும். குளிர்ந்ததும் பிரைமர்கள் (நகலெடுக்க வேண்டிய துண்டின் இரு முனைகளைக் குறிக்கும் குட்டி டிஎன்ஏ துண்டுகள்) தத்தம் இடத்தில் ஒட்டும். நடுத்தர வெப்பத்தில் டாக் நொதி புதிய இழையைக் கட்டும். இது மறுபடி மறுபடி. அந்த நொதி வந்தது தெர்மஸ் அக்வாடிகஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்கா வெந்நீர் ஊற்றில் என்ன வாழ்கிறது என்று பார்க்கப் போனவர்கள் கண்டுபிடித்து 1969இல் விவரித்தது. மூலக்கூறு உயிரியலுக்குச் சூழலியல்காரர்கள் முன்பணமே கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். உங்களிடம் எட்டு பூச்சி மாதிரிகள். அவற்றோடு திசு இல்லாத பிரித்தல் குழாய் ஒன்று, டிஎன்ஏவுக்குப் பதில் தண்ணீர் போட்ட பிசிஆர் குழாய் ஒன்று, முன்பே வேலை செய்தது என்று தெரிந்த டிஎன்ஏ ஒன்று. ஆக 11. ஒட்டி வீணாகும் என்பதால் 12க்குக் கலவை போடுங்கள். இருமடங்கு செறிவுள்ள தயார்க் கலவை 150 மைக்ரோலிட்டர், 10 மைக்ரோமோலார் பிரைமர்கள் ஒவ்வொன்றும் 12, தண்ணீர் 102. மொத்தம் 276. குழாய்க்கு 23 வீதம் பிரித்து, கடைசியில் டிஎன்ஏ 2 மைக்ரோலிட்டர். எல்லாம் ஐஸ் மேல். தண்ணீர்க் குழாயைக் கடைசியில் மூடுங்கள், அப்போதுதான் வேலை நடந்த நேரம் முழுக்க மேசையில் என்ன பறந்ததோ அதையும் அது சொல்லும்.

சிஓஐக்கு 1994 முதல் புழக்கத்தில் உள்ள ஃபோல்மர் பிரைமர்களை வைத்துத் தொடங்கலாம். 94 டிகிரியில் 3 நிமிடம். பிறகு 94இல் 30 நொடி, 50இல் 45 நொடி, 72இல் 1 நிமிடம் என்று 35 சுழற்சி. கடைசியாக 72இல் 5 நிமிடம். நடுவில் உள்ள 50தான் நீங்கள் மாற்றிப் பார்க்க வேண்டிய எண். அதைக் கூட்டினால் பிரைமர் கறாராக ஒட்டும், குறைத்தால் தளர்வாக ஒட்டும்.

பெருகிய டிஎன்ஏவை மின்சாரத்தால் ஒரு ஜெல்லுக்குள் ஓடவிட்டால், நீளத்துக்கு ஏற்பப் பட்டைகளாகப் பிரியும். அந்த ஜெல்லுக்கு 100 மில்லி பஃபரில் 1.5 கிராம் அகரோஸ் பொடி. கரைத்து, கொஞ்சம் ஆறியதும் சாயம் சேர்த்து, சீப்பு வைத்து ஊற்றுங்கள். எத்திடியம் புரோமைடு மரபணுப் பிறழ்வை உண்டாக்கக்கூடியது. ஆபத்துக் குறைந்த மாற்றுச் சாயம் இருந்தால் அதையே கேளுங்கள். மாதிரியை விடும்போது முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். டிப்பின் முனை குழியின் வாயில், நீருக்குள் சற்றே இறங்கியிருந்தால் போதும். அடி வரை குத்தினால் ஜெல் கிழிந்து மாதிரி கீழே ஒழுகிவிடும். அழுத்த அழுத்த, நீலச் சாயம் கலந்த மாதிரி கனமாக வழிந்து குழிக்குள் படியும். பொத்தானை விடுவதற்கு முன் டிப்பை வெளியே எடுங்கள், இல்லையென்றால் போட்டதை நீங்களே உறிஞ்சிவிடுவீர்கள். டிஎன்ஏ எதிர்மின்னூட்டம் கொண்டது, நேர்முனையான சிவப்பை நோக்கித்தான் ஓடும். கம்பியை மாற்றிச் செருகினால் பின்பக்கமாக ஓடி ஜெல்லை விட்டே வெளியேறிவிடும்.

புற ஊதா ஒளியில் பார்க்கும்போது ஏறக்குறைய 700 எழுத்து அளவில் ஒற்றைப் பட்டை தெரிந்தால், வெற்றுக் குழாய்களில் எதுவும் இல்லையென்றால், சரி, அடுத்த படிக்குப் போகலாம். அப்படி வராதபோது என்ன செய்வது என்பதுதான் உண்மையான படிப்பு.

தெரிந்த டிஎன்ஏ உட்பட எதிலும் பட்டை இல்லையா? கலவையில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது, அல்லது நொதி செத்துவிட்டது. தெரிந்த டிஎன்ஏ மட்டும் வந்து மாதிரிகள் வரவில்லையா? டிஎன்ஏவைக் கூட்டத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். முதலில் பத்தில் ஒன்றாக நீர்த்துப் பாருங்கள். கூடவே வந்த தடைப்பொருளும் நீர்த்துப்போய், பட்டை பளிச்சென்று வரலாம். எச்சம், மண், தாவர மாதிரிகளில் இது அடிக்கடி நடக்கும். பிஎஸ்ஏ புரதம் கொஞ்சம் சேர்ப்பதும் உதவும். அப்படியும் வரவில்லையென்றால் 50ஐ 48ஆகக் குறையுங்கள், அல்லது உங்கள் குழுவுக்கென்று வடிவமைத்த வேறு பிரைமரைத் தேடுங்கள். இரண்டு மூன்று பட்டைகள் வந்தால் வெப்பத்தைக் கூட்டுங்கள். அடியில் மங்கலான சிறு பட்டை மட்டும் தெரிந்தால் பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவை. வெற்றுக் குழாயில் பட்டை வந்துவிட்டதா? அன்றைய முடிவுகள் எதையும் பயன்படுத்தாதீர்கள். தண்ணீர், பிரைமர், டிப் எல்லாவற்றையும் புதிதாக எடுத்து மேசையைப் பிளீச்சால் துடைத்துத் திரும்பச் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கை மாற்றிச் சரியானால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும்.

வரிசையைப் படித்தல்

வரிசையாக்கத்தை, அதாவது எழுத்துகளைப் படிக்கும் வேலையை, இன்று பெரும்பாலும் வெளியே அனுப்பித்தான் செய்கிறார்கள். சில மாதிரிகள், ஒரு மரபணு என்றால், ஒரு நேரத்தில் ஒரு துண்டைப் படிக்கும் சாங்கர் முறை. கலவை மாதிரிகளுக்கும் ஸ்னிப்களுக்கும், லட்சக்கணக்கான துண்டுகளை ஒரே நேரத்தில் படிக்கும் பெருந்தொகை முறை.

சாங்கர் கோப்பு வந்ததும் எழுத்துகளை நகலெடுத்து ஓடாதீர்கள், வண்ணச் சிகரங்கள் உள்ள வரைபடத்தைத் திறந்து பாருங்கள். தொடக்கத்தில் முதல் சில பத்து எழுத்துகள் குழம்பியிருக்கும், கடைசியிலும் சிகரங்கள் தட்டையாகும். இரு முனையையும் வெட்டுங்கள். தரமதிப்பு 20 என்றால் நூறில் ஒரு பிழை, 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. நடுவே ஒரே இடத்தில் இரண்டு சிகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று நின்றால் யோசியுங்கள். உட்கரு மரபணுவில் அது தாயிடமிருந்து ஓர் எழுத்து, தந்தையிடமிருந்து ஓர் எழுத்து. மைட்டோகாண்ட்ரியாவில் அப்படி நிறைய வந்தால் கலப்படமோ, உட்கருவுக்குள் எப்போதோ போய் ஒட்டிக்கொண்ட போலி நகலோ இருக்கலாம். போலியைப் பிடிக்க எளிய சோதனை, வரிசையைப் புரதமாக மொழிபெயர்ப்பது. நடுவில் நிறுத்தக் குறி வந்தால் அது வேலை செய்யும் மரபணு ஆகாது. மொழிபெயர்க்கும்போது சரியான குறியீட்டு அட்டவணையைத் தேர்ந்தெடுங்கள்: பொது அட்டவணையில் டிஜிஏ என்ற மூன்றெழுத்து வந்தால் நிறுத்தம், விலங்கு மைட்டோகாண்ட்ரியாவில் அது டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம். இதைக் கவனிக்காமல் நல்ல வரிசையைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

அப்புறம், மற்றவர்கள் படித்த வரிசைகள் சேர்த்து வைக்கப்பட்டுள்ள ஜென்பேங்க், போல்டு போன்ற தரவுத்தளங்களில் பிளாஸ்ட் போன்ற தேடுகருவி மூலம் உங்கள் வரிசைக்கு ஒத்ததைத் தேடலாம். முதலில் வரும் பெயர் விடை அல்ல. எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது, எவ்வளவு நீளத்துக்கு ஒத்துப்போகிறது, அடுத்த பத்துப் பெயர்கள் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். உங்கள் சிற்றினத்தை இதுவரை யாருமே பதிவிடவில்லை என்றால், தளம் அதன் உறவினரின் பெயரைத்தான் நீட்டும். தவறாக இனங்காணப்பட்ட பதிவுகளும் அங்கே உண்டு.

நீர், எச்ச மாதிரிகளில் கூடுதல் எச்சரிக்கை. ஒரு சிற்றினத்தின் வரிசை ஆயிரம் முறை வந்தது என்பதால் ஆயிரம் மீன்கள் என்றாகாது. பிரைமர் யாரை விரும்புகிறதோ அவர்களின் எண் வீங்கும். மேல்நீரோட்டத்திலிருந்தோ, பறவையின் எச்சத்திலிருந்தோ டிஎன்ஏ வந்திருக்கலாம். வராததாலும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

மரம் வரைதல்

மாஃப்ட் போன்ற மென்பொருளில் வரிசைகளை அடுக்கி, ஒவ்வொரு நெடுவரிசையையும் கண்ணால் ஒரு முறை பாருங்கள். பிறகு ஐக்யூ-ட்ரீ போன்ற ஒன்றில், யார் யாருக்கு நெருங்கிய உறவு என்று காட்டும் மரம் கட்டலாம். எழுத்துகள் மாறும் விதத்துக்கு எந்தக் கணித மாதிரி பொருந்தும் என்று அதுவே சோதித்துச் சொல்லும். உங்கள் குழுவுக்கு வெளியே உள்ள, ஆனால் மிகத் தொலைவில் இல்லாத ஓர் உறவினரைச் சேர்க்காவிட்டால் மரத்துக்கு வேர் எது என்று தெரியாது. கிளைகளின் மேல் உள்ள பூட்ஸ்ட்ராப் எண்கள், ஃபெல்சன்ஸ்டைன் 1985இல் கொண்டுவந்த முறையிலிருந்து வருபவை. தரவுகளைக் குலுக்கி மறுபடி மறுபடி எடுத்தாலும் அந்தக் கிளை எத்தனை சதவீதம் திரும்ப வருகிறது என்பதுதான் அவற்றின் பொருள். 50 என்று இருக்கும் கிளையை வைத்துப் பெரிய கதை சொல்ல வேண்டாம்.

ஒரு மரபணுவின் மரம் அந்த மரபணுவின் வரலாறு மட்டுமே. யானைகளில் பார்த்தோமே, அதே விஷயம். பூச்சிகளில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா தாய்வழியாகப் பரவும்போது தன்னோடு ஒரு வகை மைட்டோகாண்ட்ரியாவையும் இனக்கூட்டம் முழுக்க இழுத்துச் சென்றுவிடும். இரண்டு சிற்றினங்கள் ஒன்று போலவும், ஒன்று இரண்டு போலவும் தெரியும். எனவே புதிய சிற்றினம் என்று அறிவிக்கும் முன் ஓர் உட்கரு மரபணுவையாவது படித்து, உடல் அமைப்பையும் குரலையும் வாழிடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முடிவு எதுவானாலும், வரிசைகளைப் பொதுத் தரவுத்தளத்தில் பதிவிடும்போது சான்று மாதிரியின் எண், எடுத்த இடம், தேதி, இனங்கண்டவர் பெயர் எல்லாவற்றையும் சேர்த்தே ஏற்றுங்கள். வேட்டைக்கும் கடத்தலுக்கும் ஆளாகும் உயிரானால் இடத்தை மட்டும் துல்லியமாகக் கொடுக்காமல் மாவட்டம், ஆற்றுப்படுகை என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். சரியான இடம் உங்கள் குறிப்பேட்டிலும் அருங்காட்சியகப் பதிவிலும் இருந்தால் போதும். மீந்த டிஎன்ஏ குழாய்களையும் அருங்காட்சியகத்திடமே ஒப்படைக்க முடியுமா என்று கேளுங்கள்.